கம்யூட்: சொல் விளக்கம்

வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் இடையே திரும்பத் திரும்பப் போய்வருவதுதான் கம்யூட். கல்லூரிக்குப் போய்வருவதையும் இதில் சேர்க்கலாம். சுற்றுலாவும் கல்யாணத்துக்குப் போவதும் சேராது. இப்படிப் போய்வரும் ஆள் கம்யூட்டர், இவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒலியைத் தவிர எந்த உறவும் கிடையாது.

மூலம் லத்தீன். கொம்முத்தாரே என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது. இரண்டோடு மூன்றைக் கூட்டினாலும் மூன்றோடு இரண்டைக் கூட்டினாலும் ஐந்துதான் என்று கணக்குப் பாடத்தில் பரிமாற்றுப் பண்பு படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயரான கம்யூட்டேட்டிவ் இந்த வேரில் முளைத்தது. தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கும் இதே சொல்தான். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்: மாதாமாதம் வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வதற்குக் கம்யூட்டேஷன் என்று பெயர்.

ரயிலுக்கு இந்தச் சொல் வந்ததும் இதே மொத்தக் கணக்கால்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ரயில் கம்பெனிகள், தினமும் ஏறுகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் கட்டணம் வாங்குவதை விட்டுவிட்டு, மொத்தமாக ஒரு குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு கம்யூட்டேஷன் டிக்கெட் கொடுத்தன. நம் பேச்சில் சீசன் டிக்கெட். 1860களில் அதை வைத்திருந்தவர் கம்யூட்டர் ஆனார், அப்புறம் அவர் செய்த பயணத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆக, முதலில் மாறியது கட்டணம், அதை ஒட்டித்தான் ஆளுக்கும் பயணத்துக்கும் பெயர் கிடைத்தது.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: இந்த ஆள் வாரத்தில் ஐந்தாறு நாள் கட்டாயம் வருவார். 2020 ஊரடங்கில் உடைந்தது அதுதான். அந்த ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கரியமில வாயு வெளியேற்றம் முந்தைய ஆண்டின் சராசரியைவிட ஏறக்குறைய 17 சதவீதம் விழுந்தது, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சாலை முதலான தரைவழிப் போக்குவரத்து நின்றதால் வந்தது. ஊரடங்கை எடுத்த பிறகும் எல்லாரும் பழையபடி திரும்பவில்லை. அமெரிக்காவில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் 2019இல் 5.7 சதவீதம், 2021இல் 17.9 சதவீதம். பிரிட்டன் ரயில்வே 2021 ஜூனில் ஒரு புதுச் சீட்டையே கொண்டுவந்தது: 28 நாளில் எந்த எட்டு நாள் வேண்டுமானாலும் போய்வரலாம். கம்யூட்டர் என்ற பெயரைப் பெற்றுத் தந்த சீசன் டிக்கெட்டே வளைந்து கொடுக்க வேண்டியதாகிவிட்டது! செவ்வாய், புதன், வியாழன் ரயில்களில் நெரிசல், வெள்ளிக்கிழமை காற்று வாங்கியது. 2024இல் லண்டனில் வெள்ளிக்கிழமைகளில் உச்ச நேரக் கட்டணத்தைச் சில மாதம் எடுத்துப் பார்த்தார்கள், அப்படியும் கூட்டம் பெரிதாகக் கூடவில்லை.

சரி, இத்தனை பேர் வீட்டில் இருந்தால் சாலை ஏன் காலியாக இல்லை? பஸ்ஸிலும் ரயிலிலும் தொற்றுக்குப் பயந்து சொந்த வண்டிக்கு மாறியவர்களில் பலர் திரும்பி வரவில்லை. வீட்டில் வேலை பார்க்கிறவர் வெளியே போகாமலும் இல்லை, பகல் பதினொரு மணிக்கு வங்கிக்குப் போகிறார், மூன்று மணிக்குப் பிள்ளையை அழைத்து வருகிறார், இதற்கிடையில் அவர் வாங்கிய பொருளைக் கொண்டுவர இன்னொரு வண்டி வருகிறது. ஊரடங்கில் காலியாகக் கிடந்த சாலை நல்லதும் செய்துவிடவில்லை. 2020இல் அமெரிக்காவில் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் சுமார் 11 சதவீதம் குறைந்தும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 38,824 பேர், முந்தைய ஆண்டைவிட அதிகம். வேகமும் சீட் பெல்ட் போடாததும் முக்கியக் காரணங்கள்.

இப்போது தமிழ்ச் சொல். அன்றாடப் பயணம், தினசரிப் பயணம் என்று எழுதுகிறோம். வாரத்தில் இரண்டே நாள் போகிறவருக்கு அன்றாடம் எப்படிப் பொருந்தும்? பயணம், பிரயாணம் என்ற வடசொல் வழி வந்தது என்பார்கள், அதில் கிளம்பிப் போவது இருக்கிறது, திரும்பி வருவது இல்லை. பழந்தமிழில் பயணத்துக்குச் செலவு என்று பெயர், செல் என்ற வேரிலிருந்து. இன்று அது முழுக்கப் பணத்தின் பக்கம் போய்விட்டதால் மீட்பது கஷ்டம். (அகப்பாடல்களில் செலவழுங்கல் என்றொரு துறை உண்டு: பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவிக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுவது. போகாமலே இருந்துவிடுவது இல்லை, அவளைத் தேற்றும்வரை நிற்பதுதான் என்று இலக்கணம் தெளிவாகச் சொல்கிறது. சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்கிற ஹைபிரிட் வேலைக்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்குமா தெரியாது.)

என் தேர்வு போக்குவரவு. போவதும் வருவதும் அதிலேயே இருக்கின்றன, எத்தனை நாள் என்ற கட்டாயம் இல்லை. போக்குவரத்தும் இதே கட்டமைப்புதான், ஆனால் அதை டிராஃபிக்குக்கும் பஸ் துறைக்கும் கொடுத்துவிட்டோம். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் பணிப் போக்குவரவு என்று எழுதலாம், ஆளைப் போய்வருவோர் என்றால் போதும். பேசும்போது “வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகுது?” என்றே கேட்கிறோம், அங்கே எந்தச் சொல்லும் தேவையில்லை. கம்யூட்டர் ரயிலுக்குப் புறநகர் ரயில் என்ற பெயர் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டாம்.