கவரில் வரும் சம்பளம்

பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்தார் அந்த அம்மா. ஓ.எம்.ஆர் அடுக்குமாடி ஒன்றில் பதினான்கு மாதம் குழந்தை பார்த்துக்கொண்டவர். மாதம் 14,000 ரூபாய், கவரில் வைத்துக் கொடுப்பார்கள். திடீரென்று "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள் என்பதால் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கே வேலை பார்த்ததுக்கு என்னம்மா அத்தாட்சி?" குழந்தையோடு எடுத்த போட்டோவைக் காட்டினார். கைகொடுத்தது அதுவல்ல. தீபாவளிக்கு அந்த வீட்டம்மா ஜிபேயில் அனுப்பிய 5,000 ரூபாய். "அது இனாம்" என்றார்கள். சரி, வேலை செய்யாதவருக்கு யார் இனாம் கொடுப்பார்கள்? பாக்கி வந்து சேர்ந்தது.

ஆகவே வேலைக்குச் சேரும்போதே சம்பளத்தை அக்கவுன்ட்டில் கேளுங்கள். "மேடம், பையனோட காலேஜ் லோனுக்கு பேங்க்ல வரவு காட்டச் சொல்றாங்க, அக்கவுன்ட்ல போட்டுடுங்க" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. உண்மையும் அதுதானே.

தயங்குகிற வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பி.எஃப், வரி என்று பயப்படுகிறார்கள். பி.எஃப் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. ஒரு ஆயாவை வைத்திருக்கும் வீட்டுக்கு அது வராது. 14,000 ரூபாய் சம்பளத்தில் வரிப் பிடித்தமும் கிடையாது.

பயம் இந்தப் பக்கமும் உண்டு. "அக்கவுன்ட்ல விழுந்தா மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் நின்னுடுமே" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். அதற்கான வரம்பு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம். கையில் வாங்கினாலும் வங்கியில் வாங்கினாலும் வருமானம் அதேதான். அக்கவுன்ட் உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும், ஏ.டி.எம் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்று பல பெண்களுக்குத் தெரியும்.

வீட்டு வேலைக்கும் தமிழக அரசு 2018-ல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லிருந்தே இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்கு அப்புறம் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. ஆன்லைனிலும் பதியலாம்.

இன்னொன்று. பணம் அனுப்பும்போது குறிப்பில் "ஜூன் மாத சம்பளம்" என்று போடச் சொல்லுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், பின்னால் அது கைமாற்றாகிவிடும்.