பிளாக் ரூல் இருக்கு, ஆனா கவுண்டர் 0/0

போன மாசம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ அப்பா அம்மா, மாடில பையன் குடும்பம். பையன் ஐடில இருக்கறவர், அதனால ஐஎஸ்பி குடுத்த டப்பாவோட நிறுத்தாம பழைய மினி பிசி ஒண்ணுல பிஎஃப்சென்ஸ்ங்கற ஃபயர்வால் சாஃப்ட்வேரைப் போட்டு, அதுல லிஸ்ட் வச்சுத் தடுக்கற பிஎஃப்பிளாக்கர் பேக்கேஜையும் போட்டு, பதினஞ்சு இருபது பிளாக்லிஸ்ட் (தடுக்க வேண்டிய அட்ரஸ் பட்டியல்) இறக்கி வச்சிருந்தார். பிரச்சனை என்னன்னா சிசிடிவி டிவிஆர் ராத்திரி பகல்னு இல்லாம வெளிய எதையோ அனுப்பிட்டே இருக்கு, அப்லோடு கணக்கு ஏறிட்டே போகுது. "இவ்ளோ லிஸ்ட் போட்டிருக்கேன் சார், அப்புறம் எப்படி சார் வெளிய போகுது?"ன்னு கேட்டார்.

ரூல்ஸ் பேஜ்ல லான் டேப்பைத் (வீட்டுக்குள்ள இருக்கற நெட்வொர்க்) திறந்தோம். இடது பக்கம் ஸ்டேட்ஸ்னு ஒரு நெடுவரிசை இருக்கும், அந்த ரூல்ல எத்தனை கனெக்ஷன், எவ்ளோ டேட்டா மாட்டுச்சுன்னு காட்டற கவுண்டர், நிறைய பேர் அதைக் கண்டுக்கவே மாட்டாங்க, ஆனா நான் முதல்ல பாக்கறது அதைத்தான். அவர் எழுதின பிளாக் ரூல் ஒவ்வொண்ணுக்கு நேராவும் 0/0. ஒண்ணு கூட ஒரு பாக்கெட்டைத் தடுக்கல. அதுக்கெல்லாம் மேல ஒரு பச்சை டிக் ரூல், அதாவது அலவ், சோர்ஸ் டிவிஆரோட ஐபி, டெஸ்டினேஷன் எனி (எங்க வேணா போகலாம்), டிஸ்க்ரிப்ஷன்ல "டெம்ப்"னு ஒரே வார்த்தை. அதுக்கு நேரா ஜிபி கணக்குல ஓடிட்டிருக்கு.

"இது யார் போட்டது?"ன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு "நான்தான் சார்... எதுக்குன்னுதான் ஞாபகம் வரல"ன்னார்.

இதுல அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பிளாக்லிஸ்ட்னாலே நம்ம மனசுல அது ஒரு சுவர், எங்க வச்சாலும் தடுக்கும்னு ஒரு நெனப்பு இருக்கு. ஆனா ஃபயர்வாலுக்கு லிஸ்ட்டும் ஒரு ரூல்தான், கியூல தன்னோட முறை வந்தாதான் அதுக்கு வேலை. பிஎஃப்சென்ஸ்ல இன்டர்ஃபேஸ் டேப்ல இருக்கற ரூல்களை மேலேருந்து கீழ ஒண்ணொண்ணா பாக்கும், எது முதல்ல பொருந்துதோ அதோட முடிஞ்சுது, கீழ இருக்கறதை எட்டிக்கூடப் பாக்காது. மைக்ரோடிக் ரவுட்டர்லயும் அப்படித்தான், லினக்ஸோட ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்லயும் அப்படித்தான். ஐபிடேபிள்ஸ்ல இன்னொரு தொல்லை, அப்பெண்டுன்னு போட்டா ரூல் செயினோட கடைசில போய் உக்காரும், இன்சர்ட்னு போட்டாதான் மேல வரும், நெட்ல இருந்து காப்பி பண்ற கமாண்டு பாதி அப்பெண்டுதான், அது எல்லாத்தையும் விடற ரூலுக்குக் கீழ போய் சும்மா தூங்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பிஎஃப்சென்ஸுக்கு உள்ள ஓடற பிஎஃப்ங்கற பாக்கெட் ஃபில்டர் 2001ல ஓபன்பிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட 3.0ல வந்தது, அதோட சொந்த சுபாவம் நேர் எதிர், கடைசியா பொருந்தற ரூல்தான் ஜெயிக்கும். குயிக்னு ஒரு வார்த்தை சேர்த்தாதான் முதல் பொருத்தத்துலயே நிக்கும். நாம டேப்ல எழுதற ரூலுக்கெல்லாம் பிஎஃப்சென்ஸ் அந்த குயிக்கைத் தானே சேர்த்துக்குது. பல இன்டர்ஃபேஸுக்குப் பொதுவா ரூல் போடற ஃப்ளோட்டிங் டேப்ல மட்டும் அது நம்ம கைல இருக்கு, டிக் பண்ணலைன்னா பழைய சுபாவம் திரும்பிடும், நீங்க அங்க போட்ட பிளாக்கை கீழ லான் டேப்ல இருக்கற அலவ் ரூல் அடிச்சிட்டுப் போயிடும். ஃப்ளோட்டிங் டேப் எதுக்குன்னு தெளிவா தெரியாதவரைக்கும் வீட்ல அதைத் தொடாம இருக்கறதே நல்லதுங்கறது என் கட்சி.

சரி, டிவிஆர் கதைக்கு வரேன். அந்த டெம்ப் ரூலைத் தூக்கி பிளாக் ரூலுக்குக் கீழ வச்சு அப்ளை குடுத்தாச்சு. ரெண்டு நிமிஷம் பாத்தோம், டேட்டா அதே மாதிரி ஓடுது. "என்ன சார், ஆர்டர் மாத்தியும் போகுதே"ன்னு சிரிச்சார். இந்த இடத்துலதான் பாதிப் பேர் ரூல் தப்புன்னு நெனச்சு சரியா இருந்ததையும் கலைச்சுப் போடுவாங்க. ஃபயர்வால் ரூலைப் பாக்கறது புதுசா ஒரு கனெக்ஷன் ஆரம்பிக்கும்போதுதான், ஒருதடவ உள்ள விட்டுட்டா ஸ்டேட் டேபிள்ல பேர் எழுதி வச்சுக்கும், அந்த கனெக்ஷன் முடியற வரைக்கும் மறுபடி ரூல் பக்கம் போகாது. டிவிஆர் மாதிரி சாமான்லாம் ஒரே கனெக்ஷனை நாள்கணக்கா பிடிச்சிட்டு இருக்கும். டயக்னாஸ்டிக்ஸ்ல ஸ்டேட்ஸ் போய் டிவிஆர் ஐபியை மட்டும் ஃபில்டர் பண்ணி அழிச்சோம், உடனே 0/0 இருந்த இடத்துல நம்பர் ஏற ஆரம்பிச்சுது. டிவிஆர் பேசிட்டிருந்த ஐபில சிலது அவரே இறக்கி வச்சிருந்த லிஸ்ட்ல இருந்ததுதான்.

(கவுண்டரைப் பாக்கும்போது ஒண்ணு கவனிங்க, பாக்ஸை ரீபூட் பண்ணி அஞ்சு நிமிஷம் கூட ஆகலைன்னா அந்த 0க்கு அர்த்தம் இல்ல.)

பசங்க டேப்லெட்ல ராத்திரி ஒன்பது மணிக்கு கேமை நிறுத்தணும்னு டைம் வச்சு பிளாக் ரூல் போட்டு, "ஒன்பதரைக்கும் விளையாடறான்"னு எனக்கு போன் பண்றவங்களுக்கும் இதே பதில்தான். பிளாக் ரூல் புதுசா வர்றதைத்தான் தடுக்கும். பிஎஃப்சென்ஸ்ல அதைத் திருப்பிப் போடுங்க, பகல்ல மட்டும் அலவ்னு டைம் வச்சு, கீழ எப்பவும் பிளாக். அலவ் ரூலோட நேரம் முடிஞ்சா அது வழியா போன கனெக்ஷனை சிஸ்டமே வெட்டிடும்.

அடுத்து எதிர்ப்பக்கத்து பிரச்சனை, தடுக்கக்கூடாததைத் தடுக்கறது. இது என் வீட்லயே நடந்தது, அரை நாள் போச்சு. என் லான் 192.168.10ல ஆரம்பிக்குது, அதுக்கு வெளிப்பக்கம் இருக்கற ஃபைபர் ஓஎன்டியோட (ஃபைபர் கேபிள் வந்து சேர்ற டப்பா) பேஜ் 192.168.1.1. ஒரு நாள் அது திறக்கல. இன்டர்நெட் ஜோரா போகுது, ஓஎன்டி பேஜ் மட்டும் சுத்திட்டே நிக்குது. கேபிளைக் கழட்டி மாட்டி, ஓஎன்டியை ரீஸ்டார்ட் பண்ணி, அது செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் லாகைப் பாத்தா தடுக்கறது நானே முந்தின நாள் சேர்த்த ஃபயர்ஹால் லெவல் 1 லிஸ்ட். அந்த லிஸ்ட்ல போகான்னு சொல்ற, பொது இன்டர்நெட்ல வரவே கூடாத அட்ரஸ்களும் சேர்ந்தே வருது, அதுல 10, 172.16, 192.168 எல்லாம் அடக்கம். வெளிய இன்டர்நெட்டைப் பாத்த வான் (WAN) பக்கத்துல உள்ள வர்றதுக்கு அது சரி, உள்ளேருந்து போறதுக்கு அதையே மாட்டினா நம்ம வீட்டையே நாம பிளாக் பண்ணின கதை. பிஎஃப்பிளாக்கர்ல சப்ரஷன்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா பிரைவேட் அட்ரஸை லிஸ்ட்லேருந்து கழிச்சிடும். நான் அதை எப்பவோ எடுத்து விட்டிருக்கேன். டெய்லி இதே வேலை பாக்கறவன் லாகைக் கடைசில பாத்தேன், அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

அதனால ஏதாவது ஒரு ஆப்போ சைட்டோ திறக்கலைன்னா லிஸ்ட்டை ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாக்கற வேலைய விட்டுடுங்க. தடுத்தது டிஎன்எஸ்ஸா (சைட் பேரைக் கேட்டா ஐபி அட்ரஸ் சொல்றது) ஐபி ரூலான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், அது ஒரு நிமிஷ வேலை. அந்த டொமைன் பேரைப் போட்டு லுக்கப் பண்ணுங்க. பதிலா 0.0.0.0 வந்தா வீட்ல வச்சிருக்கற பை-ஹோல் மாதிரி விளம்பரம் தடுக்கற டிஎன்எஸ் சர்வரோட லிஸ்ட் தடுக்குது, பிஎஃப்பிளாக்கரா இருந்தா 10.10.10.1ன்னும் வரலாம். நிஜமான அட்ரஸ் வருது ஆனா கனெக்ட் ஆகாம தொங்குதுன்னா ஃபயர்வால் ரூல் பக்கம் போங்க, அந்த போனோட ஐபியை வச்சு லாகைத் தேடுங்க. டிஎன்எஸ் லிஸ்ட்ல மாட்டினதுக்கு ஃபயர்வால்ல நூறு அலவ் ரூல் போட்டாலும் திறக்காது, இந்தத் தப்பை நான் வாரம் ஒருதடவ பாக்கறேன். லிஸ்ட்லேருந்து பேரை விடுவிச்சதுக்கு அப்புறமும் போன் பழைய பதிலையே ஞாபகம் வச்சிருக்கும், ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தா பெரும்பாலும் சரியாகிடும்.

யூட்யூப் ஹிஸ்டரில பாத்த வீடியோ எதுவும் சேரலையா, விண்டோஸ் நெட் நல்லா இருக்கும்போதே "நோ இன்டர்நெட்"னு காட்டுதா, வைரஸ் இல்ல, லிஸ்ட்ல அவங்க செக் பண்ற டொமைன் மாட்டியிருக்கான்னு பாருங்க.

லிஸ்ட் மாட்டினது தெரிஞ்சுடுச்சு, மேல ஒரு அலவ் ரூல் போட்டு இழுத்து வச்சாச்சு, வேலை செய்யுது, தூங்கப் போயாச்சு. காலைல பாத்தா ரூல் கீழ கிடக்கு, மறுபடி பிளாக். வீட்ல யாரும் தொடல. பிஎஃப்பிளாக்கர் ஆட்டோ ரூல் போடற மோடுல இருந்தா லிஸ்ட் அப்டேட் ஆகும்போது அதோட செட்டிங்ல இருக்கற ஆர்டர்படி எல்லாத்தையும் திரும்ப அடுக்கும், சும்மா விட்டா அதோட பிளாக்தான் மேல. ஒண்ணு அந்த ரூல் ஆர்டர் செட்டிங்கை மாத்துங்க, இல்லைன்னா லிஸ்ட்டை அலியாஸா (ரூல்ல போடறதுக்குப் பேர் வச்ச பட்டியலா) மட்டும் இறக்கிட்டு ரூலை நீங்களே எழுதுங்க. எனக்குப் பிடிச்சது ரெண்டாவது. நம்ம டிவிஆர்க்காரர் பண்ணினதும் அதுதான், ஆனா கையால எழுதினா வரிசைக்கும் நாமதான் பொறுப்பு.

டிஎன்எஸ் லிஸ்ட்டை சுத்திட்டுப் போற வழியும் இருக்கு. போன்ல பிரைவேட் டிஎன்எஸ்ல ஒரு பேரைப் போட்டு வச்சிருந்தா அது 853 போர்ட்ல நேரா வெளிய போய்க் கேட்டுக்கும், உங்க பை-ஹோல் அங்க ஒரு பொம்மை. இதுக்கு மூணு ரூல் வேணும், வரிசை மாறவே கூடாது: ரவுட்டரோட 53க்கு (சாதாரண டிஎன்எஸ் போர்ட்) அலவ், அதுக்குக் கீழ மத்த எல்லாரோட 53க்கும் 853க்கும் ரிஜெக்ட், அதுக்கும் கீழதான் எனி அலவ். முதல் ரெண்டையும் மாத்தி வச்சு, பிளாக்ல டெஸ்டினேஷன் எனின்னு போட்டீங்கன்னா வீட்ல யாருக்கும் நெட் இருக்காது, அஞ்சு நிமிஷத்துல கீழேருந்து குரல் வரும். பிளாக்னு போடாம ரிஜெக்ட்னு போடச் சொல்றது எதுக்குன்னா, பிளாக் சத்தமில்லாம பாக்கெட்டை விழுங்கிடும், போன் டைம்அவுட் ஆகற வரைக்கும் காத்திருக்கும், ரிஜெக்ட் உடனே முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடும். பிரவுசரே 443 வழியா டிஎன்எஸ் கேக்கறதை இந்த மூணு ரூல் பிடிக்காது, அதுக்குத் தனியா சர்வர் லிஸ்ட் வேணும், அதுவும் முழுசா பிடிக்காது.

ஐபிவி6, அதாவது புது வகை ஐபி அட்ரஸ், ஞாபகம் இருக்கட்டும். இங்க நிறைய கனெக்ஷன்ல இப்ப ஐபிவி6 தானாவே வருது, ஆனா ரூல்ல அட்ரஸ் ஃபேமிலி ஐபிவி4னு இருந்தா அதே டிவிஆர் அடுத்த கதவு வழியா போயிடும். கீழ லான் டேப்ல டீஃபால்ட்டா ஐபிவி6க்கும் ஒரு எனி அலவ் உக்காந்திருக்கும், போய்ப் பாருங்க.

லிஸ்ட் எத்தனை வேணும்னு கேட்டா, ஐபிக்கு ஸ்பாம்ஹவுஸ் டிராப் மாதிரி சின்னதா, தப்பு கம்மியா இருக்கற ஒண்ணு ரெண்டு போதும். இந்த வீட்ல இருந்த இருபதுல சிலதுல உள்ள ஒரே ஒரு அட்ரஸ்தான் இருந்துச்சு, 127.1.7.7. லிஸ்ட் காலியா வந்தா பிஎஃப்பிளாக்கர் ஒப்புக்குப் போட்டு வைக்கற அட்ரஸ் அது. எதையும் தடுக்காத லிஸ்ட்டை மாசக்கணக்கா தவறாம அப்டேட் பண்ணிட்டு இருந்திருக்கார்.

எல்லாம் முடிச்சு கிளம்பி வண்டிய எடுக்கும்போது கீழேருந்து அவர் அப்பா வந்தார். "தம்பி, என் போன்ல கேமரா தெரியமாட்டேங்குது, முன்னாடியும் ஒருதடவ இப்படித்தான் ஆச்சு, இவன் ஏதோ பண்ணிக் குடுத்தான்." பையன் என்னைப் பாத்தார். டெம்ப் யாருக்காகன்னு அப்பதான் தெரிஞ்சுது.

திரும்ப மேல போனோம். கேமரா ஆப் பேசற சர்வர் பேரை டிஎன்எஸ் லாக்ல எடுத்து, அந்தப் பேருக்கு ஒரு அலியாஸ் போட்டு, டிவிஆர்லேருந்து அதுக்கு மட்டும் அலவ், மேல. அதுக்குக் கீழ டிவிஆர்லேருந்து வேற எங்க போனாலும் பிளாக். பழைய டெம்ப்பை அழிச்சாச்சு. புது ரூலோட டிஸ்க்ரிப்ஷன்ல தேதி போட்டு "அப்பா போன்ல கேமரா"ன்னு அவரே டைப் பண்ணினார்.