பொருத்திய பல்லுக்கும் பிரஷ் வையுங்கள்

இம்பிளான்ட் பல்லை, அதாவது தாடை எலும்பில் திருகாணி மாதிரிப் பூட்டி வைக்கும் பல்லை, கவனிக்காமல் விட்டுவிட்டு வந்தவர்களில் இரண்டு மாதத்துக்குள் இது நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு ஐயா வந்தார், வயது 68. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக 4 வருடத்துக்கு முன் இம்பிளான்ட் வைத்தவர், செலவு முழுக்கக் கனடாவில் இருக்கும் மகனுடையது. நோவில்லை, ஆட்டமில்லை, சாப்பாட்டுக்கும் குறையில்லை. வாய் மணக்கிறது என்று மனைவிதான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முரசை (ஈறை) விரலால் மெல்ல அமத்தினேன், பல்லின் கழுத்தோரத்தில் மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் வந்து நின்றது. எக்ஸ்ரேயில் பார்த்தால், சுற்றியிருந்த எலும்பு கோப்பை மாதிரிக் குழிந்து, திருகாணியின் 5 புரிகள் வெளியே தெரிந்தன.

"ஐயா, அந்தப் பக்கம் பிரஷ் வைக்கிறனீங்களோ?"

"இல்லை டொக்டர். அது இரும்புதானே, அதில என்ன பூச்சி பிடிக்கப் போகுது? ரத்தமும் வருது, அதால நான் அங்கால தொடுறதில்லை."

இந்த "இரும்புதானே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அது இரும்பு இல்லை, டைட்டேனியம். அதற்குச் சூத்தை வராது, சரி. ஆனால் அந்த டைட்டேனியத்தைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் எலும்பு, அந்த எலும்பை மூடிக் காப்பது உங்கள் முரசு. இரண்டும் உயிருள்ளவை, இரண்டுக்கும் நோய் வரும். இயற்கைப் பல்லை விட இங்கே காவல் குறைவு என்பதைத்தான் சனம் நம்ப மறுக்கிறது. இயற்கைப் பல்லில் முரசின் நார்கள் வேருக்குள்ளேயே குறுக்காகப் புதைந்து இறுகக் கட்டியிருக்கும். இம்பிளான்டில் அப்படிப் புதைய இடமில்லை, சட்டைக் கழுத்துப்பட்டி மாதிரிச் சுற்றி அணைத்து நிற்பதோடு சரி. இரத்த ஓட்டமும் குறைவு. 1992 இல் சுவீடன் ஆய்வாளர்கள் பீகிள் நாய்களில் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல்லைச் சுற்றி வந்த அழற்சிக்கும் எலும்புக்கும் நடுவே நல்ல நார்த்திசு ஒரு வேலியாக நின்றது, இம்பிளான்டில் அந்த வேலி இல்லாமல் அழற்சி நேரே எலும்புக்குள் இறங்கியிருந்தது. "பொய்ப் பல்லுக்குக் கவனிப்பு குறைவாகப் போதும்" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். கூடத்தான் வேண்டும்.

இம்பிளான்ட் கெட்ட சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. 1952 இல் சுவீடன் வைத்தியர் பிரோனெமார்க் முயல் கால் எலும்பில் வைத்த டைட்டேனியத்தைத் திரும்பக் கழற்ற முடியாமல் திகைத்ததில் தொடங்கிய கதை இது. 1965 இல் அவரிடம் பல் பொருத்திக்கொண்ட கோஸ்டா லார்சன், 2006 இல் இறக்கும்வரை 40 வருடத்துக்கு மேல் அவற்றோடுதான் வாழ்ந்தார். பிறகு வந்த சொரசொரப்பான மேற்பரப்புகளில் எலும்பு இன்னும் விரைவாக ஒட்டுகிறது. ஆனால் எலும்பு இறங்கி அந்தச் சொரசொரப்பு வெளியே வந்துவிட்டால் ஊத்தையும் அதே வேகத்தில் ஒட்டும், அதைச் சுரண்டி எடுக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

முரசு மட்டும் வீங்கி இரத்தம் கசியும் கட்டத்தில் வந்தீர்களென்றால் திருப்பிவிடலாம். ஆய்வுக்கென்று இம்பிளான்ட் வைத்தவர்கள் சிலர் 3 வாரம் பிரஷ் பண்ணாமல் இருந்தபோது முரசு அழன்றது, திரும்பச் சுத்தம் பண்ணத் தொடங்க அது தணிந்தது. எலும்பு போன பிறகு அது பெரும்பாலும் தானாகத் திரும்பி வராது. எனவே இரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டு ஒதுங்காதீர்கள். அந்த இடத்தைத்தான் மெல்லிய பிரஷ்ஷால் இன்னும் கவனமாகச் சுத்தம் பண்ண வேண்டும். பல்லிடைப் பிரஷ் ஒன்றும் வாங்குங்கள், எந்த அளவு என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டு. உமிக்கரி வேண்டாம். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது சுகமாக இருக்கும், ஆனால் ஒட்டிய ஊத்தையை அது கழற்றாது.

பாமசியில் நீங்களாகவே அன்ரிபயோடிக் வாங்கிப் போட்டுவிட்டு, அடங்கிவிட்டது என்று இருக்கவும் வேண்டாம். 2023 இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல், சத்திரசிகிச்சை இல்லாமல் சுத்தம் பண்ணும்போது அன்ரிபயோடிக் குளிசையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. சீழ் குறைந்து நாள் கடந்துபோகும், எலும்பு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

பீடி, சிகரெட், கட்டுக்குள் இல்லாத சீனி வருத்தம், முன்பே முரசு கரைந்து பல்லை இழந்த வாய், இந்த நாலில் ஒன்று இருந்தாலும் இம்பிளான்ட் வைக்கும் முன்னமே வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெற்றிலை போடுகிறவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள், நான் ஏசமாட்டேன்.

இன்னொன்று, வெளிநாட்டிலோ இந்தியாவிலோ வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களுக்கு. எந்தக் கம்பனி, எந்த அளவு என்ற துண்டையும், பல் பூட்டிய நேரத்து எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2017 இல் சிகாகோவில் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் கூடி வகுத்த வரையறையிலும், எலும்பு எவ்வளவு இறங்கியது என்று பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். மூதூர் ஐயாவிடம் அது இல்லை. 4 வருடத்தில் இறங்கியதா, 4 மாதத்தில் இறங்கியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுத்தம் பண்ணி அனுப்பியிருக்கிறேன், முரசைத் திறந்து செய்ய வேண்டுமா என்பதை அடுத்த முறை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே எங்கேயாவது கிடக்கிறதா என்று மகனிடம் கேட்கச் சொன்னேன். கடைசியாகச் சீனி பார்த்த துண்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.