கிரீஸ் விசா: ஸ்டிக்கரில் தேதி வேறு, நாள் கணக்கு வேறு

கிரீஸுக்கு விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது 'எந்தத் தேதி வரை' என்பதைத்தான். அதற்கும் கீழே பாருங்கள், 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' என்று இருக்கும். நீங்கள் எத்தனை நாள் அங்கே இருக்கலாம் என்பது அந்த எண்தான்.

ஜூன் 1 முதல் 10 வரை என்று விண்ணப்பித்தவருக்கு ஸ்டிக்கரில் ஜூன் 1 முதல் 25 வரை என்று வரலாம். 'அடடா, 25 நாள் கொடுத்துட்டாங்க' என்று துள்ள வேண்டாம். கூடுதலாக இருக்கும் அந்த 15 நாள், விமானம் ரத்தானாலோ பயணம் தள்ளிப்போனாலோ தேதியை மாற்றிக்கொள்வதற்கு. தங்குவது 10 நாள்தான். ஜூன் 1 ராத்திரி 11.30 மணிக்கு ஏதென்ஸில் இறங்கினாலும் அது முதல் நாள், கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைகளில் கைரேகை, முகப்படத்தோடு வருகையையும் புறப்பாட்டையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டதால், முத்திரை மங்கலா இருந்துச்சு என்ற கதையெல்லாம் எடுபடாது.

பல முறை செல்லும் விசா என்றால் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் உச்சம். இது கிரீஸுக்கு மட்டும் தனியாக இல்லை, 29 ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து. பாரிஸில் கழித்த நாளும் இதில் கழியும்.

அப்புறம், எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டம். கிரீஸின் கோஸ் தீவின் கரையில் நின்றால் எதிரே துருக்கியின் போத்ரும் பக்கத்துக் கரை தெரியும், படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஒரு எட்டு போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வரலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் துருக்கி ஷெங்கனில் இல்லை. கட்டத்தில் 01 என்று இருந்தால் படகு ஏறியதுமே உங்கள் விசா முடிந்தது. ஏதென்ஸ் ஓட்டலில் பெட்டி இருந்தாலும் திரும்ப விடமாட்டார்கள். துருக்கிக்கு வேறு தனி விசா.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக: கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதற்குக் கீழே இலவசம், விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் பணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்; 15 நாளுக்கு முன் கொடுத்தால் போதும் என்று விதி சொன்னாலும் கோடைக்காலத்தில் அதை நம்பி இருக்காதீர்கள், முடிவுக்கு 45 நாள் வரை இழுக்கலாம்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. கடந்த 3 ஆண்டுகளில் 2 ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டு விசா கிடைக்கும், பாஸ்போர்ட்டிலும் அவ்வளவு காலம் மீதி இருக்க வேண்டும். பழைய விசாக்களின் நகலையும் சேர்த்தே கொடுங்கள்.