குலை நோய்ப் பூஞ்சை இலையைத் துளைப்பது எப்படி?

"டிரைசைக்ளசோல் அடித்து நான்கு நாள் ஆகிறது, இன்னும் நெல் இலையில் கண் வடிவப் புள்ளிகள் புதிதாக வருகின்றனவே, மருந்து போலியா?" குலை நோய் கண்ட வயல்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை, அடித்த நேரத்தில் இருக்கிறது.

பூஞ்சையின் வித்து மூன்று செல் கொண்டது. ஈர இலையில் விழுந்ததும் நுனியிலிருந்து பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். சுமார் 2 மணி நேரத்தில் முளைக்கும். முளைக்குழாயின் நுனி, நீர் ஒட்டாத கடினப் பரப்பை உணர்ந்ததும் ஒரு குமிழாக வீங்கத் தொடங்கும். இலையைத் துளைக்கும் உறுப்பான அப்ரசோரியம் இதுதான்.

குமிழ் உண்டாக உத்தரவு தருவது பிஎம்கே1 என்ற கைனேஸ் (செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும்) புரதம். இதற்கான மரபணுவை நீக்கிய பூஞ்சை ஆய்வகத் தட்டில் நன்றாகவே வளர்கிறது. ஆனால் குமிழ் உண்டாவதில்லை. இலையைக் கீறி உள்ளே விட்டாலும் நோய் வருவதில்லை. வளர்வதற்கும் தாக்குவதற்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நடப்பதுதான் அற்புதம். வித்து வெளியிலிருந்து உணவு எதுவும் எடுப்பதில்லை. சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜனும் கொழுப்பும் குமிழுக்குள் வந்து கரைய, அங்கே நீரை ஈர்க்கும் கிளிசரால் நிறைகிறது. குமிழின் சுவருக்கு உள்பக்கம் மெலனின் என்ற கருநிறமியின் பூச்சு. அது தண்ணீரை விடும், கிளிசராலை விடாது. ஆகவே வெளியிலிருக்கும் நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது, உள்ளே உருவான கிளிசரால் வெளியேற வழியில்லை. அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 40 மடங்கு!

குமிழின் அடியில் மட்டும் மெலனின் இல்லாத ஒரு வட்டம் உண்டு. போதுமான அழுத்தம் சேர்ந்துவிட்டதை எஸ்எல்என்1 என்ற உணர்புரதம் அறிகிறது. அதை நீக்கினால் அழுத்தம் அளவு மீறி ஏறும், ஆனால் இலை துளைபடாது. அவ்வளவு பலமும் வீண். சரியான அழுத்தத்தில் செப்டின் புரதங்கள் அந்த வட்டத்தைச் சுற்றி வளையமாகக் கூடி, செல்லுக்கு வலுவூட்டும் ஆக்டின் புரத இழைகளை அங்கேயே இறுக்கிப் பிடிக்கின்றன. முழு அழுத்தமும் ஒரே மெல்லிய ஊசிமுனைக்குள் குவிந்து இலையின் மேல்தோலைக் குத்தித் துளைக்கிறது. உள்ளே போனபின் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவவும் பிஎம்கே1 வேண்டும். ஆய்வில் அதை ஒரு வேதிப்பொருளால் முடக்கியபோது பூஞ்சை முதல் செல்லிலேயே சிக்கிக்கொண்டது. 2018இல் வெளிவந்த முடிவு இது. "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு இத்தகைய அடிப்படை ஆய்வுக்கு நிதியைக் குறைப்பது பெரும் தவறு. நாளைய மருந்துகளின் இலக்குகள் இங்கிருந்துதான் கிடைக்கும்.

டிரைசைக்ளசோல் தடுப்பது மெலனின் தயாரிக்கும் ஒரு நொதியை. மெலனின் இல்லாத குமிழில் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. ஆனால் ஈரம் நீடித்தால் ஒரே நாளில் துளையிடல் முடிந்துவிடுகிறது. உள்ளே புகுந்த பூஞ்சைக்கு மெலனின் தேவையில்லை, புள்ளியாகத் தெரிய அதற்கு இன்னும் நான்கைந்து நாள் ஆகும். எனவே அடித்த 5 நாளுக்குள் வரும் புள்ளிகள் முன்பே நுழைந்தவை. மருந்து நன்றாக நனைத்த இலைகளில் ஒரு வாரம் கழித்தும் புதுப் புள்ளி வந்தால், அப்போது அளவையும் தெளித்த விதத்தையும் மருந்தின் தரத்தையும் சந்தேகியுங்கள்.