தராசு நிலை: இரும்புச் சிலுவை என்று எழுதுகிறவர்களுக்கு

ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்களில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு நீட்டி, முழங்கை மடங்காமல், உடலைச் செங்குத்தாக நிறுத்தும் வித்தைக்கு ஆங்கிலத்தில் 'அயர்ன் கிராஸ்' என்று பெயர். அதை 'இரும்புச் சிலுவை' என்று தமிழில் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒலிம்பிக் வந்தால் காணொளிகளின் அடியில் எல்லாம் அதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கியிலும் அதையே சொன்னார்கள். பக்கத்தில் இருந்த ஓர் ஆத்தா, "ஏனுங் தம்பி, இதுல இரும்பு எங்கீங்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலே சட்டமும் கம்பியும் உலோகம்தான். ஆனால் ஆடுகிறவர் கையில் இருப்பது மரவளையம்: உள்விட்டம் 18 செ.மீ., தடிமன் 28 மி.மீ.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'கிராஸ்' லத்தீனின் 'க்ருக்ஸ்' வழி வந்தது. நம் 'சிலுவை' சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'. 'குருசு' போர்த்துக்கீசியர் தந்தது. 'இரும்புச் சிலுவை' என்ற பெயரில் 1813இல் பிரஷ்ய அரசர் ஏற்படுத்திய போர்ப்பதக்கம் ஒன்றும் உண்டு. தேடுபொறியில் தமிழில் தட்டினால் ஜெர்மன் சிப்பாய்களும் வளைய வீரர்களும் கலந்து வருவது அதனால்தான். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிநூலோ இரும்பைச் சேர்க்காமல் வெறும் 'கிராஸ்' என்றுதான் சொல்கிறது. மூலத்தின் விதிநூலே கைவிட்ட இரும்பை நாம் ஏன் தூக்கிச் சுமக்கிறோம்?

முதலில் இலக்கணம். தமிழில் 'இரும்பு' ஒரு பெயருக்கு முன்னால் வந்து நின்றால் காது உடனே 'இரும்பால் ஆன' என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரும்புக் கதவு, இரும்புச் சட்டி, இரும்புக் கட்டில். பொற்குடம் போன்ற தொகை இது. 'இரும்பு மனிதன்' என்றால் மட்டும் புரிகிறதே என்பார்கள். மனிதனை யாரும் இரும்பில் வார்ப்பதில்லை, அதனால் அங்கே பொருள் தானாக உவமைக்கு நகர்ந்துவிடுகிறது. சிலுவையை இரும்பில் செய்வார்கள். கோவையில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் செய்து தருவார்கள்.

பெரிய தப்பு சிலுவையில்தான். சிலுவை தமிழுக்கு அந்நியம் என்பதல்ல என் புகார். நூற்றாண்டுகளாகப் புழங்கி அது நல்ல தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ஆனால் அது கூடவே கொண்டுவரும் வினைகளைப் பாருங்கள்: அறைதல், சுமத்தல், தொங்குதல். மரம் தாங்குகிறது, மனிதன் தாங்கப்படுகிறான். வளையத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. வளையங்கள் தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் வாரில் ஆடிக்கொண்டிருக்கின்றன, ஆள்தான் அவற்றைக் கீழ்நோக்கி அழுத்தித் தன்னை நிறுத்திக்கொள்கிறார். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் ஒவ்வொரு கையின் முனையிலும் 30 கிலோ விழும். அந்த முனை தோளிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம்தான் வினை. கையை மடக்கினால் தூரம் குறைந்து சுலபமாகிவிடும், அதனால்தான் மடக்கினால் புள்ளி போகும். மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் சேர்ந்து இழுத்தால்தான் தோள் அந்த இடத்தில் நிற்கும். இவ்வளவையும் குறைந்தது 2 நொடி அசையாமல் வைத்திருந்தால்தான் முழு மதிப்பு. இப்படி ஒரு செயலுக்கு, ஒன்றும் செய்ய முடியாமல் தொங்குகிறவனின் பெயரை வைத்தால் எப்படி?

மற்ற மொழிக்காரர்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெர்மானியர் 'க்ராய்ட்ஸ்ஹாங்' என்று சிலுவையோடு தொங்கலைச் சேர்த்தாலும் இரும்பைச் சேர்க்கவில்லை. சீனர்கள் பத்து என்னும் தங்கள் எழுத்தின் கூட்டல்குறி வடிவத்தைப் பார்த்து 'பத்துவடிவத் தாங்கல்' என்கிறார்கள். ஜப்பானியரும் அதே எழுத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நமக்கும் அப்படி ஓர் எழுத்து இருந்தது. தமிழ்ப் பிராமியில் ககரம் அச்சு அசலாகக் கூட்டல் குறிதான். நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டிய பானையோடுகளில் அந்த எழுத்து வகையைப் பார்க்கலாம். 'ககர நிலை' என்று பெயர் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைய 'க'வைப் பார்த்து எந்தப் பையனும் கையை நீட்ட மாட்டான்.

அடுத்து தனித்தமிழ் அன்பர்களின் 'கைவிரி நிலை'. சிலுவையைவிட எனக்கு இதில்தான் கோபம் அதிகம், ஏனென்றால் இதைச் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியும். வடிவத்துக்குப் பொருந்துகிறது, சொற்கள் சுத்தம், எல்லாம் சரி. ஆனால் தமிழில் கையை விரிப்பது என்றால் என்ன? "கடனுக்குப் போனேன், கைய விரிச்சுட்டாங்க." முடியாது, இல்லை, என்னால் ஆகாது. மனித உடலால் முடிகிறவற்றின் எல்லையில் நிற்கிற ஒரு வித்தைக்கு 'முடியாது' என்று பெயர் வைக்கிறோம்! வேர்ச்சொல் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லாக்கம் செய்தால் இதுதான் வரும். ஒரு தடவை டீக்கடையில் சொல்லிப் பார்த்திருந்தால் அங்கேயே சிரித்திருப்பார்கள்.

என் பரிந்துரை 'தராசு நிலை'. இந்த வித்தையில் நடுவர் பார்ப்பதே கோல் சமமாக இருக்கிறதா என்பதைத்தான். கை மட்டத்திலிருந்து 15 பாகை வரை விலகினால் 0.1 புள்ளி பிடித்தம், 30 வரை 0.3, 45 வரை 0.5, அதற்கும் மேல் போனால் வித்தையே கணக்கில் இல்லை. தராசு என்றால் இந்தத் தேவை பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது. நடுவில் நேராக ஒரு தண்டு, இரண்டு பக்கமும் மட்டமான கோல். தராசும் பாரசீகச் சொல்தானே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தலைமுறை தலைமுறையாக எடை போட்ட சொல் எனக்குப் போதும். 'துலாக்கோல்' வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், துலாவும் வடமொழிதான். ஒரே ஒரு நல்ல ஆட்சேபணை உண்டு. இப்போது மண்டியிலும் எண் காட்டும் எலக்ட்ரானிக் தராசுதான், கோல் தராசைப் பிள்ளைகள் நீதிமன்றச் சின்னத்தில்தான் பார்க்கிறார்கள். அது போதும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வசதி, ஒரு சொல் பிடிபட்டால் அதன் பங்காளிகளும் வந்துவிடும். தலை கீழே, கால் மேலே என்றால் 'தலைகீழ்த் தராசு'. 'மால்டீஸ்' என்பது உடல் முழுவதையும் வளைய மட்டத்திலேயே முகம் தரையைப் பார்க்கப் படுக்க வைத்து, கைகளை நீட்டி நிறுத்துவது. அது 'குப்புறக் கிடை'. அதையே மல்லாந்து செய்கிற 'விக்டோரியன்' இன்னும் பொல்லாதது, அது 'மல்லாந்த கிடை'. விதிநூலில் மால்டீஸுக்கு 'ஸ்வாலோ' என்று பெயர், அந்தப் பறவைக்குத் தமிழில் தகைவிலான். இதை 'விழுங்கல்' என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதை நானே படித்தேன். வளையத்தை யார் விழுங்கினார்கள்? கருவி மொழிபெயர்த்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போடுகிறவர்கள்தான் 'ரிங்ஸ்' என்பதை மோதிரம் என்றும் எழுதுகிறார்கள்.

'மனித ஆற்றலின் எல்லையைத் தாண்டினார்' என்ற வழக்கமான வரியும் இதே ரகம். தாண்டியிருந்தால் அது எல்லையே அல்ல. எல்லை எங்கே என்று சொல்ல இந்த வித்தை நல்ல இடம். உடல்வாகு மாறாமல் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், தசையின் குறுக்குப் பரப்போ ஐந்தில் ஒரு பங்குதான் கூடும், கையும் நீண்டுவிடும். 2012 லண்டனில் தங்கம் வென்ற பிரேசிலின் ஆர்தர் சனெட்டியின் உயரம் 1.56 மீட்டர்தான் என்பது தற்செயல் இல்லை. தசைநாண் அறுந்துபோகலாம் என்பது இன்னோர் எல்லை. இத்தாலியின் யூரி கெச்சிக்கு 1992 ஒலிம்பிக்குக்கு முன் குதிகால் நாண் போனது, 2000க்கு முன் மேல்கை நாண் போனது. நடுவில் 1996இல் தங்கம், கடைசியாக 2004இல் 34 வயதில் வெண்கலம்.

எல்லாவற்றையும் பெயர்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்டாலும் பஸ்கியும் வெளியிலிருந்து வந்து நம் தேகப்பயிற்சி சாலைகளில் உட்கார்ந்துவிட்ட சொற்கள். பிரஷ்யாவில் பிறந்த பலசாலி யூஜின் சாண்டோவின் பெயர் கோயம்புத்தூர் சின்னப்பா தேவருக்குப் பட்டமாகி, திருப்பூரில் பனியனாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதற்குக் கலைச்சொல் கேட்கவில்லை. பயிற்சிக்கூடத்தில் பையன்கள் 'கிராஸ்' என்பார்கள், சொல்லட்டும். ஆட்பெயரால் அமைந்த வித்தைகளையும் தொட வேண்டாம். 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கிலும் வளையத்தில் தங்கம் வென்ற ஆர்மீனியர் ஆல்பர்ட் அசாரியன், நீட்டிய கையோடு பின்பக்கமாக மெல்ல உருண்டு தராசு நிலைக்கு ஏறும் வித்தைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். அசாரியன் அசாரியனாகவே இருக்கட்டும், அவர் போய்ச் சேருகிற நிலைக்கு மட்டும் தமிழில் எழுதும்போது சிலுவை வேண்டாம்.