கொலாஜ்: பசை போன பிறகும் நிற்கும் ஒட்டு

வெவ்வேறு இடங்களிலிருந்து வெட்டியெடுத்த ஒளிப்படங்கள், செய்தித்தாள் துணுக்குகள், துணி, கயிறு ஆகியவற்றை ஒரே பரப்பில் ஒட்டி, தனித்திருந்தபோது அவற்றில் எதற்கும் இல்லாத ஒரு பொருளை உண்டாக்கும் படைப்புக்குக் கொலாஜ் என்று பெயர். போரோடு தொடர்ந்து உறவாடிவரும் இக்கலையைத் தமிழில் எச்சொல்லால் அழைக்கலாம் என்பதே இங்கே கேள்வி. கொலாஜ் என்னும் சொல் பிரெஞ்சு மொழிக்குரியது. அம்மொழியில் 'கோல்' என்றால் பசை, 'கொலே' என்றால் ஒட்டுதல்; இவற்றுக்கு மூலம் பசையைக் குறிக்கும் 'கொல்லா' என்னும் கிரேக்கச் சொல். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதமும் இதே வேரிலிருந்துதான் பெயர் பெற்றது; விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசை எடுத்த பழைய தொழிலின் நினைவு அந்தப் பெயருக்குள் தங்கியிருக்கிறது.

ஓவிய உலகுக்குள் வருவதற்கு முன்பு, சுவரில் அலங்காரத் தாள் ஒட்டும் வேலைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லை வழங்கினார்கள். 1912ஆம் ஆண்டு மே மாதத்தில் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணி ஒன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக அமைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வீடுகளுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழிலைக் கற்றிருந்த அவருடைய ஓவிய நண்பர் பிராக், மரத்தின் வரிகள் அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி வரைபடத்தில் ஒட்டினார். அவ்வாண்டின் இறுதியில் பிக்காசோ செய்த படமொன்றில், சூஸ் என்னும் மதுவின் புட்டியைச் சுற்றி ஒட்டப்பட்டுள்ள செய்தித்தாள் துண்டுகள், அப்போது நடந்துகொண்டிருந்த பால்கன் போரைப் பற்றியவை. மேசைமீது புட்டியும் கோப்பையும் இருக்க, அவற்றைத் தொட்டுக்கொண்டே போர்ச்செய்தி இருக்கிறது. ஆகவே போர் இந்தக் கலைக்குள் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று. இக்கலையின் முதல் ஆண்டிலேயே அது உள்ளே இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய பெர்லினில், போரையும் மரபுக் கலையையும் எள்ளிய 'தாதா' என்னும் கலை இயக்கத்தைச் சேர்ந்த ஹன்னா ஹோக், ரவூல் ஹவுஸ்மன், ஜான் ஹார்ட்ஃபீல்ட் முதலியோர் ஒளிப்படங்களை வெட்டி ஒட்டிய தம் படைப்புகளுக்கு ஃபோட்டோமான்டாஜ் என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளியை ஜெர்மானியர் 'மோன்டியர்' என்பர். தம்மையும் அத்தொழிலாளியின் வரிசையில் வைத்துப் பார்க்க அவர்கள் விரும்பினார்கள். ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்ற பெயரோடு பிறந்த ஹார்ட்ஃபீல்ட், போர்க்காலத்தில் தம் நாட்டில் மூட்டப்பட்ட ஆங்கில வெறுப்பை எதிர்த்து 1916இல் தம் பெயரையே ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர். 1932இல் அவர் வெளியிட்ட படத்தில் மேடையில் முழங்கும் ஹிட்லரின் உடல் எக்ஸ்ரே படம்போல் திறந்திருக்கிறது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பொற்காசுகள் அடுக்கப்பட்டுள்ளன. தாளின் விளிம்புகள் தெரியாதபடி அவர் நுட்பமாகத் திருத்தியிருந்தார். ஆயினும் காசும் எலும்பும் சேர்ந்த இடத்தைப் பார்ப்பவர் எவரும் தவறவிட முடியாது.

வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர், வீட்டு அலங்கார இதழ்களின் ஒளிமிக்க வரவேற்பறைப் படங்களுக்குள் போர்க்களத்துப் படங்களை ஒட்டி, அவற்றைப் போர் எதிர்ப்புக் கூட்டங்களில் நகலெடுத்து வழங்கினார். திரைச்சீலையை விலக்கும் பெண்ணுக்கு அப்பால், தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் படைவீரர்கள் நிற்கிறார்கள். 2004இல் இராக் போரை முன்னிட்டு அதே முறைக்கு அவர் மீண்டும் திரும்பினார்.

கணினி வந்த பிறகு இக்கலையிலிருந்து பசை மறைந்தது. ஃபோட்டோஷாப் மென்பொருளில் 1994இல் அடுக்கு என்னும் வசதி சேர்க்கப்பட்டபின், ஒவ்வொரு துண்டையும் தனித்தனி அடுக்கில் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம், அகற்றலாம், மங்கச் செய்யலாம். பசை இல்லாததைக் கொலாஜ் என்று அழைப்பது பொருந்துமா என்ற கேள்வி இயல்பாக எழும். கொலாஜைக் கொலாஜ் ஆக்குவது பசையன்று என்று, முதல் உலகப் போரில் படைவீரராக இருந்து திரும்பிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் கணினிக்கு நெடுங்காலம் முன்பே விடை கூறிவிட்டார். தொடர்பில்லாத இரண்டு உலகங்களை ஒரே பரப்பில் சந்திக்க வைப்பதுதான் இக்கலையின் உயிர் என்று நானும் கருதுகிறேன். பசை அதற்கு ஒரு கருவியாக மட்டுமே இருந்தது.

போர்க்காலக் கலைஞருக்கு இந்த மாற்றம் வேறொரு வகையிலும் பயன்பட்டது. டமாஸ்கஸில் பிறந்த ஓவியர் தம்மாம் அசாம், 2011இல் சிரியாவை விட்டுத் துபாய்க்குச் சென்றபோது தம் ஓவியக் கூடத்தை விட்டுச் செல்ல நேர்ந்தது. தூரிகையும் துணியும் இல்லாத நிலையில் அவர் கணினியை எடுத்துக்கொண்டார். குண்டுகள் துளைத்த ஒரு சிரியக் கட்டடத்தின் ஒளிப்படத்தின்மேல் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியத்தைப் பொருத்தி அவர் உருவாக்கிய படம், 2013இல் உலகெங்கும் பரவியது. பொன்னிறப் போர்வைக்குள் தழுவியிருக்கும் இருவரின்மீது சுவரின் துளைகளும் வெடிப்புகளும் அப்படியே விழுந்திருக்கின்றன. அதை யாரோ உண்மையான சுவரில் வரைந்துவிட்டதாகவே பலர் நம்பினார்கள்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கொலாஜுக்குப் படத்தொகுப்பு என்று எழுதுவது உண்டு. ஆனால் அச்சொல் திரைப்படத்தில் காட்சிகளை வெட்டி இணைக்கும் பணிக்கும், படங்களைச் சேர்த்து வைக்கும் ஏட்டுக்கும் நிலைத்துவிட்டது. கதம்பம், கலவை ஆகியவை பலவும் கலந்திருப்பதைச் சொல்லுமேயன்றி, வெட்டியதையும் சேர்த்ததையும் சொல்லா. ஒட்டோவியம் அழகிய சொல்தான்; எனினும் ஒளிப்படங்களால் மட்டுமே ஆன ஒன்றை ஓவியம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

எஞ்சி நிற்பது ஒட்டுப்படம். இதற்கு எதிராக ஒரு தடை சொல்லப்படலாம்: சுவரில் ஒட்டும் படமும் ஒட்டுப்படம்தானே என்று. இங்கே நடுவில் நிற்கும் பகர ஒற்று நமக்கு உதவுகிறது. 'ஒட்டுபடம்' என்று ஒற்று இல்லாமல் எழுதினால், ஊறுகாய், சுடுசோறு என்பவைபோல அது வினைத்தொகையாகி, ஒட்டுகிற படம், ஒட்டிய படம் என்றெல்லாம் விரியும். 'ஒட்டுப்படம்' என்று எழுதும்போது ஒட்டு பெயர்ச்சொல்லாக நிற்கிறது. பொன்னால் ஆகிய குடம் பொற்குடம் ஆனதுபோல, ஒட்டால் ஆகிய படம் ஒட்டுப்படம். ஒற்றை விட்டுவிட்டால் பொருளும் விலகிப்போகும் என்பதால் இதைச் சற்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஒட்டு என்பது பசைக்கு மட்டும் கட்டுப்பட்ட சொல்லும் அன்று. நாற்றின் தண்டோடு வேறொரு மரத்தின் கிளையைக் கட்டி வளர்ப்பது ஒட்டுமாங்கன்று. கிழிந்த துணியில் வேறு துணியை வைத்துத் தைப்பது ஒட்டுப்போடுதல். இரண்டிலும் பசை இல்லை. ஆகவே பசையை இழந்த கணினிக் கலைக்கும் தமிழ்ச் சொல் சிரமமின்றிப் பொருந்துகிறது. இவ்விரண்டில் துணியின் ஒட்டே இக்கலைக்கு நெருக்கமானது. மரத்தில் போட்ட ஒட்டு நாளடைவில் ஒரே உயிராகிவிடும். துணியில் போட்ட ஒட்டில், இரண்டும் சேரும் மூட்டுவாய் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

பகைவரைக் குறிக்கத் திருவள்ளுவர் ஆளும் சொற்களுள் ஒன்று 'ஒட்டார்', அதாவது ஒட்டாதவர். நண்பர்போல் நல்லவற்றைச் சொன்னாலும் ஒட்டாருடைய சொல்லின் தன்மை விரைவில் உணரப்படும் என்கிறது கூடாநட்பு அதிகாரத்தின் 826ஆம் குறள். போர் என்பது ஒட்டாமையின் உச்சம் என்றால், அதன் நடுவே அமர்ந்து ஒட்டாதவற்றை ஒட்டிப் பார்க்கும் கலைஞரின் செயலுக்கு இதைவிட நெருங்கிய வேர் தமிழில் கிடைப்பது அரிது.

மூட்டுவாய்தான் போர்க்காலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டு படங்களை இணைத்து, இணைத்த இடத்தை மறைத்து, நடந்த நிகழ்ச்சியாகவே காட்டினால் அது பொய்ப்படம். அதைப் பார்ப்பவர் பழிவாங்கவும் புறப்படலாம். இணைத்ததை இணைத்ததாகவே நிற்கவிட்டால் அது ஒட்டுப்படம். இரண்டுக்கும் பயன்படும் மென்பொருள் ஒன்றே, விரல்களின் வேலையும் ஒன்றே. ஆதலால் பொய்ப்படத்தைக் குறிக்க ஒட்டுப்படம் என்னும் சொல்லை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது; அதற்குப் போலிப்படம், திரித்த படம் என்னும் சொற்கள் இருக்கின்றன.

ஒட்டுப்படம் என்பதிலிருந்து எண்ணிம (டிஜிட்டல்) ஒட்டுப்படம், ஒட்டுப்படக் கலைஞர் ஆகிய சொற்களை எளிதாகப் பெறலாம். ஃபோட்டோமான்டாஜுக்கு ஒளிப்பட ஒட்டு போதும். இலங்கை வழக்கில் எழுதுபவர்கள் எண்ணிமம் என்பதற்கு மாற்றாக இலக்கமுறை என்று கொள்ளலாம். அசாமின் அந்தப் படத்தை ஓர் இதழில் அச்சிட்டு அதன்கீழ்ச் சுவரோவியம் என்று எழுதினால், அது அந்தச் சுவரில் ஒருபோதும் வரையப்படவில்லை என்ற உண்மை வாசகருக்கு மறைந்துபோகும். எண்ணிம ஒட்டுப்படம் என்று எழுதினால், சுவர் எங்கிருந்து வந்தது, முத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர் உடனே தேடத் தொடங்குவார்.